வியாழக்கிழமைக் காய்ச்சல்

பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முன் அவர் இருபத்தோரு வருடம் நன்னடத்தை அலுவலராக இருந்தவர். குற்றம் செய்த ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதா, வீட்டிலேயே விட்டுக் கண்காணிப்பதா என்று நீதிபதி முடிவு செய்வதற்கு முன், அந்த ஆளின் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதித் தரும் வேலை. நீதிமன்ற வளாகத்தில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. வக்கீல், டைப்பிஸ்ட், வாசலில் டீ விற்கிறவர் எல்லோருக்கும் அவர் ரிப்போர்ட்டம்மாதான்.

முதல் பதினைந்து வருடம் அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. முன்பின் தெரியாத வீடுகளுக்குள் போவார். நாற்காலி இல்லாத வீட்டில் வாளியைக் கவிழ்த்துப் போடுவார்கள், அதில் உட்கார்ந்து எழுதுவார். கொடியில் காயும் துணியைப் பார்த்தே வீட்டில் எத்தனை பேர், அதில் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று சொல்லிவிடுவார். பிறகு வழக்குகள் கூடின, ஆட்கள் குறைந்தார்கள். படிக்கட்டு ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தது.

ஒரு மழைக்காலத்தில், ஒரே வாரத்தில் ஏழு அறிக்கை கேட்டார்கள். ஏழாவது ஆளின் வீடு ஊருக்கு வெளியே, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. கால் வீங்கியிருந்ததால் அவர் போகவில்லை. முந்தின அறிக்கையில் எழுதியிருந்த "குடும்பச் சூழல் இவரைக் கண்காணிப்பதற்கு உகந்ததாக இல்லை" என்ற வரியை அப்படியே இதிலும் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஆளுக்கு மூன்று வருடம் கிடைத்தது.

தீர்ப்பு சொன்ன அன்று நடைக்கூடத்தில் ஒரு பெண் வந்து எதிரில் நின்றார். அந்த ஆளின் அம்மா. சண்டைக்கு வரவில்லை.

"நீங்க வருவீங்கன்னு ரெண்டு நாள் வேலைக்குப் போகாம வீட்லயே இருந்தேம்மா. வீடு தெரியலையா உங்களுக்கு?"

"ஆமாங்க. வழி தெரியல," என்றார் ரிப்போர்ட்டம்மா.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் நடந்ததைச் சொன்னார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறுதல் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"கயிறு தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சா நாங்க லிஃப்ட்ட ஓட்ட மாட்டோம். போர்டு மாட்டி நிறுத்திடுவோம். உனக்குத் தேஞ்சுபோச்சு. நிறுத்திடு."

"அந்தப் பையன என்ன பண்றது?"

"அதுக்குப் போய் எழுதிக் குடு. திட்டு வாங்கு. அப்புறம் நிறுத்து."

மறுநாள் நீதிபதிக்கு எழுதினார்: வீட்டுக்குப் போகாமலே அறிக்கை எழுதினேன், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மேலதிகாரி கூப்பிட்டுக் காது கூசப் பேசினார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மேல்முறையீடு முடிந்து அந்தப் பையன் வெளியே வர எட்டு மாதம் ஆயிற்று. அவன் வந்த பிறகுதான் ரிப்போர்ட்டம்மா ராஜினாமா கடிதம் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பாடம் நடத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆறு வருடம் பாடம் நடத்தினார். மாணவர்கள் அவரைக் கொலை, கொள்ளைக் கதை சொல்லச் சொன்னார்கள். அவரோ வாளியில் உட்கார்ந்த கதையைச் சொன்னார். பின்வரிசை தூங்கியது.

ஏழாம் வருடம் பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். படிப்பைப் பாதியில் விடும் மாணவர்களின் எண்ணிக்கை மூன்று வருடமாக ஏறிக்கொண்டே போயிற்று. மேலிடத்தில் கேள்வி கேட்கிறார்கள் என்பதற்காக மாணவர் முன்னேற்ற அலுவலகம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அதை ஏற்க எந்தப் பேராசிரியரும் முன்வரவில்லை.

"ஜெயிலையே பார்த்தவங்க நீங்க. இந்தப் பசங்கள மேய்க்கிறது உங்களுக்கு என்ன பெரிய விஷயமா மேடம்?" என்றார் பதிவாளர்.

"மேய்க்கிற வேலைன்னா எனக்கு வேண்டாம் சார்."

"சரி, பார்த்துக்கற வேலை. வார்த்தைய விடுங்க."

இப்படித்தான் அதை அவர் தலையில் கட்டினார்கள். அலுவலகம் என்பது படிக்கட்டுக்கு அடியில், பழைய விடைத்தாள்கள் கட்டி வைத்திருந்த அறை. கட்டுகளை எடுத்துப் போன பிறகும் காகித மக்கல் வாடை போகவில்லை. மேலே யாராவது ஓடி இறங்கினால் மேசையில் தூசி விழும். உதவிக்கு ஒரு குமாஸ்தாவைத் தந்தார்கள். ஐம்பது தாண்டியவர், நான்கு துறைகளில் இருந்து துரத்தப்பட்டவர். எந்தத் தாளைக் கண்டாலும் முத்திரை குத்தாமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு முத்திரை என்றே பெயர். ஒரு முறை பதிவாளரின் மகள் கல்யாணப் பத்திரிகைக்கும் 'பெறப்பட்டது' என்று குத்தித் தேதி போட்டுவிட்டார்.

வேலை எளிமையாகத்தான் சொல்லப்பட்டிருந்தது. வருகை குறைந்தவர்களுக்கு முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை, மூன்றாவதாகப் பெயர் நீக்கும் கடிதம். மூன்றுக்கும் அச்சடித்த தாள் தயாராக இருந்தது. பெயரை மட்டும் நிரப்ப வேண்டும்.

"ஒரே வரிய எல்லாருக்கும் அனுப்ப மாட்டேன்," என்றார் அவர்.

முத்திரை கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "வருஷத்துக்கு அறுநூறு பேர் மேடம்."

"தெரியும் சார்."

அறுநூறு பேரையும் பார்க்க முடியவில்லை. இருநூறு, முந்நூறு பேரைப் பார்த்தார். கண் தெரியாத அப்பாவுக்குத் துணையாகப் போகிறவன், பேருந்து நிற்காத ஊரிலிருந்து நடந்து வருகிறவள், வகுப்புக்குப் போனால் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கழிப்பறையில் உட்கார்ந்திருந்தவன். சிலருக்கு ஏதோ செய்ய முடிந்தது. பலருக்கு முடியவில்லை. சும்மா சோம்பல் பட்டவர்களும் இருந்தார்கள், அவர்கள்தான் மிக அழகாகக் கதை சொன்னார்கள். மாலையில் பேருந்தில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய் மாதத்தில் இரண்டு நாளாவது திரும்பி நடப்பார்.

நான்காம் வருடம், இரண்டாம் ஆண்டு அறிவியல் மாணவர்களின் வருகைப் பட்டியல் மேசைக்கு வந்தது. வேதியியல் ஆய்வகத்தில் தோற்றவர்கள் அதிகம் என்று துறைத் தலைவர் குறிப்பு எழுதியிருந்தார். வியாழக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு அங்கே ஒரு சிறு தேர்வு உண்டு. தவறவிட்டால் மதிப்பெண் சுழி.

பட்டியலைப் பார்த்துக்கொண்டே டீயைக் கையில் எடுத்தவர், குடிக்காமல் கீழே வைத்தார். ஐந்து பேர் வராத நாட்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் பொருந்தின. மாதத்தின் முதல் வியாழன், மூன்றாம் வியாழன். மற்ற வியாழன்களில் ஐவரும் வந்திருந்தார்கள். வேறு வேறு பாடப்பிரிவு, வேறு வேறு ஊர். ஒருவரையொருவர் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

"என்ன மேடம், கூட்டா சினிமாவுக்குப் போறாங்களா?" என்றார் முத்திரை எட்டிப் பார்த்து.

"இருக்கும் சார்," என்று பட்டியலை மடித்தார்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஊர்க்கோடியில் இருக்கும் பெரிய சிறையில் தண்டனைக் கைதிகளை வீட்டார் மனு எழுதிக் கொடுத்துப் பார்க்கும் நாள் அது. எத்தனையோ வியாழன்கள் அந்த நீண்ட சுவரோரம் நின்றிருக்கிறார். விடியும் முன்பே வரிசை தொடங்கிவிடும். கையில் சோப்பு, மாத்திரை, பழைய செய்தித்தாளில் சுற்றிய துண்டு. டோக்கன் வாங்கினாலும் உள்ளே கூப்பிடப் பத்து, பதினொரு மணி ஆகும்.

இரண்டு நாள் பட்டியலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கூப்பிட்டுக் கேட்டால் அவர்களுக்கு அவமானம். கேட்காவிட்டால் ஐந்து பேரின் வருடமும் போய்விடும். கடைசியில் எல்லாரிலும் அதிகச் சுழி வாங்கிய ஒரு பெண்ணை மட்டும் வரச் சொன்னார். மற்ற எல்லாப் பாடத்திலும் முதல் பத்துக்குள் இருப்பவள். முத்திரையை ஏதோ கடிதம் கொண்டுபோகச் சொல்லி மூன்றாம் மாடிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழம ஏம்மா வரல?"

"காய்ச்சல் மேடம்."

"போன தடவ?"

"அப்பவும் காய்ச்சல்தான்." மருத்துவர் சீட்டு இருக்கிறது என்று பைக்குள் கையை விட்டாள்.

"வேண்டாம், உள்ள வை." பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்: "டோக்கன் இப்பவும் ஆறரைக்குத்தான் குடுக்கறாங்களா?"

பெண்ணின் கை பைக்குள் அப்படியே நின்றுவிட்டது. மாடிப்படியில் யாரோ ஓடி இறங்கினார்கள், மேசையில் தூசி விழுந்தது.

"ஏழாக்கிட்டாங்க," என்றாள்.

அதன் பிறகு கேட்காமலே சொன்னாள். அவளுடைய அப்பா வேன் ஓட்டுகிறவர். பொதுச் சுவர் ஒன்றுக்காகச் சித்தப்பாவோடு வாய்த்தகராறு. இரும்புக் கம்பி கைக்கு அகப்பட்டது. ஒரே அடி, சித்தப்பா போய்விட்டார்.

"சித்தி, எங்கம்மாவோட கூடப்பொறந்த தங்கச்சி மேடம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் அண்ணன் தம்பிக்குக் கட்டிக்குடுத்தாங்க. அம்மா இப்ப சித்திகூடத்தான் இருக்காங்க. அப்பாவ நான் பாக்கப் போறதே அவங்களுக்குத் தெரியாது. காலேஜுன்னு சொல்லிட்டு வர்றேன்."

"வேற யாரும் போறதில்லையா?"

"யாரும் இல்ல. ரெண்டு மாசம் நானும் போகல. அப்பா சாப்பிடாம கெடந்து, ஆஸ்பத்திரில போட்டுட்டாங்க. பத்து நிமிஷம் மேடம். நடுவுல ரெண்டு கம்பி வலை, எல்லாரும் கத்துவாங்க, ஒண்ணும் கேக்காது. சாப்டியான்னு அவர் கேப்பாரு, சாப்ட்டீங்களான்னு நான் கேப்பேன். அவ்ளோதான்."

அவள் அழவில்லை. எழுந்தபோது, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றாள்.

"சொல்ல மாட்டேன்மா."

மற்ற நால்வரை அவர் கூப்பிடவே இல்லை. ஒருத்தியின் வாயால் கேட்டது போதும் என்று தோன்றியது.

முதலில் சிறைக்குப் போனார். அவர் அங்கே போய்வந்துகொண்டிருந்த காலத்தில் புதுக் காவலராக இருந்தவர் இப்போது கண்காணிப்பாளர். எழுந்து நின்று வரவேற்றார்.

"பாக்கற நாள ஞாயித்துக்கிழமைக்கு மாத்த முடியுமா தம்பி? படிக்கற பிள்ளைங்க வருதுங்க."

"ஞாயித்துக்கிழமை பாதி ஸ்டாஃப் லீவும்மா. வியாழக்கிழமையே ஆள் பத்தல. மேல எழுதிப் பாக்கறேன்." எழுத மாட்டார் என்பது இருவருக்குமே தெரியும். டீ வரவழைத்துக் கொடுத்தார். பழைய ஆட்களில் யார் ஓய்வு பெற்றார்கள், யார் செத்துப்போனார்கள் என்று அவரோடு பேசிவிட்டு ரிப்போர்ட்டம்மா திரும்பினார்.

அடுத்து கல்விக்குழுக் கூட்டம். நீள மேசை, பதினான்கு பேர், பாதிப் பேர் கைப்பேசியில் கண்ணாக இருந்தார்கள். ஆய்வகத் தேர்வை வேறு நாளுக்கு மாற்ற வேண்டும் என்றார் அவர்.

வேதியியல் துறைத் தலைவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற மனிதர். "ஏன்?"

"அன்னைக்குக் காலையில சில பேரால வர முடியல."

"யாரால? ஏன் முடியல?"

"பேர் சொல்ல முடியாது. காரணமும் சொல்ல முடியாது. காரணம் எனக்குத் தெரியும், அது நியாயமான காரணம்."

"அப்ப நாங்க உங்கள நம்பி மூணு லேபோட டைம்டேபிள மாத்தணும்?"

"ஆமா சார்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். பதிவாளர் தொண்டையைக் கனைத்தார். "காரணம் இல்லாம ஃபைல் நகராது மேடம். பட்டும் படாமலாவது ஏதாவது எழுதிக் குடுங்க. உடல்நலம், அப்படி."

ஒரு வரிதான். எழுதிவிட்டால் கூட்டம் முடிந்துவிடும், வீட்டுக்குப் போகலாம். அவர் கால் மேசைக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது. "உண்மை இல்லாதத எழுத மாட்டேன் சார்," என்று மட்டும் சொன்னார்.

தீர்மானம் தோற்றது. அடுத்த மாதக் கூட்டத்திலும் அதையே கேட்டார், தோற்றது. மூன்றாம் மாதம் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே வேதியியல் தலைவர் கையைத் தூக்கினார்.

"தேர்வ மாத்த மாட்டேன். வேணும்னா அதே நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு இன்னொரு குழு வெச்சுக்கலாம், வேற கேள்வித்தாளோட. யார் வேணா வரலாம், காரணம் கேக்கல. ஆனா மேற்பார்வைக்கு என்கிட்ட ஆள் கிடையாது. நீங்களே வந்து நில்லுங்க."

அவருடைய எண்ணம், ஐம்பத்தாறு வயதில் முழங்கால் வலியோடு இந்த அம்மாள் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதுதான். "எந்த லேப் சார்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

வேதியியல் அவர் பள்ளியோடு கைகழுவிய பாடம். ஆய்வக உதவியாளர் குப்பிகளை எடுத்து வைப்பார். ரிப்போர்ட்டம்மா வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு இரண்டு மணிநேரம் வரிசைகளுக்கு நடுவே நடப்பார். அமில நெடியில் கண் எரியும். முதல் வியாழன் நான்கு பேர் வந்தார்கள். அடுத்த முறை பதினொரு பேர். மூன்றாம் மாதம் முப்பது தாண்டிவிட்டது.

"தூங்குமூஞ்சிங்க பூரா உங்ககிட்ட வந்துடுச்சு," என்றார் பதிவாளர். "இதுக்குத்தானா இவ்வளவு மல்லுக்கட்டுனீங்க?"

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. காலையில் எழ முடியாதவர்கள், விளையாட்டுப் பயிற்சியில் இருந்து வருகிறவர்கள், காதலியோடு ஒரே குழுவில் இருக்க நினைத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். அந்த முப்பது பேருக்கு நடுவில் அந்த ஐவர் யார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தூங்குமூஞ்சிகளை அவர் வரவேற்றார்.

உண்மையில் ஐவர் இல்லை, நால்வர்தான் வந்தார்கள். ஐந்தாமவன், இரண்டு கூட்டங்களில் தீர்மானம் தோற்றுக்கொண்டிருந்த நேரத்திலேயே படிப்பை விட்டுவிட்டான். அவன் வீட்டைத் தேடி ஒரு சனிக்கிழமை போனார். கதவைத் திறந்த அக்கா, தம்பி சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றாள்.

"திரும்ப வரலாம்னு சொல்லும்மா. இப்ப மத்தியானம் தேர்வு எழுதலாம்."

"சொல்றேங்க. ஆனா வர மாட்டான். விட்ட அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனான்."

வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டு திரும்பினார். வீட்டுக்கு வந்ததும் கணவர் சோற்றை வடித்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார்.

"மூணு மாசம் லேட்டாப் போயிருக்கேன்."

"நாலு பேர் வர்றாங்கல்ல?"

"வர்றாங்க."

"அப்ப கைய கழுவிட்டு வந்து உக்காரு."

அந்தப் பெண் ஆய்வகத் தேர்வில் தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை, தேறினாள். நன்றி சொல்ல அவள் வரவில்லை. நடைக்கூடத்தில் எதிரே வந்தால் பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். தோழிகள் கூட இருக்கும்போது அவரைத் தெரியாத மாதிரியே கடந்து போவாள்.

முத்திரைக்கு அது பொறுக்கவில்லை. விஷயம் என்னவென்று அவருக்குத் தெரியாவிட்டாலும் மேடம் அவளுக்கு ஏதோ செய்திருக்கிறார் என்று தெரியும். "ஒரு வணக்கம் வெச்சாக் கொறஞ்சா போயிடுவா?"

"விடுங்க சார். என்னப் பார்த்தா அவளுக்கு அது ஞாபகம் வரும். நானா இருந்தாலும் இந்தப் பக்கம் வர மாட்டேன்."

வருட முடிவில், படிப்பை விட்டவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்திருந்தது. பதிவாளர் மகிழ்ந்துபோய் ஆண்டு விழா மேடையில் அவரைப் பேச அழைத்தார். எப்படிச் சாதித்தீர்கள் என்று நான்கு வார்த்தை சொன்னால் போதும் என்றார். மேடைக்கு எட்டுப் படி இருக்கிறது சார், கால் வராது என்று சொல்லித் தப்பித்தார்.

அடுத்த கல்வியாண்டு அட்டவணையில் "வியாழன், பிற்பகல் 2, இரண்டாம் குழு" என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது, காலம்காலமாக அங்கேயே இருந்ததுபோல. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் அதை ஏன் என்று கேட்கவில்லை. மேற்பார்வைக்கு ஓர் இளம் விரிவுரையாளரை நியமித்துவிட்டார்கள். வேதியியல் தலைவர் தானே நேரில் வந்து சொன்னார், "இனிமே நீங்க நிக்க வேண்டாம் மேடம்."

"அந்தப் பையன் காரணம் கேப்பானா சார்?"

"கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்." போகிறவர் வாசலில் நின்றார். "எனக்காவது எப்பவாவது சொல்லுவீங்களா?"

"மாட்டேன் சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த வியாழன் மதியம் பல மாதங்களுக்குப் பிறகு ரிப்போர்ட்டம்மாவுக்கு வேலை எதுவும் இல்லாமல் இருந்தது. மேசையில் அடுத்த பட்டியல் வந்து கிடந்தது, நாற்பத்தேழு பெயர்கள். முதல் பக்கத்தைத் திருப்பினார். மூன்றாவது பெயரில் விரலை வைத்தபடியே கண்ணை மூடினார். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, லேசான குறட்டை கேட்டது.

மாணவர் இருவர் வந்து எட்டிப் பார்த்தார்கள். முத்திரை விரலை உதட்டில் வைத்து அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க. நாலு மணிக்கு வாங்க," என்றார். பிறகு கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, தன் நாற்காலியை நடைக்கூடத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.